பெங்களூரு பீன்யா பட்டறையில ஏழு மாசம் ஓடின யூஎஸ்பி கேமரா: வாங்கலாமா, விண்டோஸ்ல மாட்டறப்போ என்ன பாக்கணும்

முதல்லயே சொல்லிடறேன், கேமரா நல்ல கேமரா, தாராளமா வாங்கலாம். ஆனா கைக்கு கெடச்ச கேபிளையும் விண்டோஸ் தானா போட்டு வச்சிருக்கற பவர் செட்டிங்கையும் நம்பி ப்ரொடக்‌ஷன் லைன்ல மாட்டிடாதீங்க. ஏழு மாசத்துல எங்களுக்கு வந்த தொல்லைல ஒண்ணு கூட கேமரா கெட்டுப்போய் வந்தது இல்ல. ஏறக்குறைய எல்லாமே கேமராவுக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவுல இருக்கற அந்த மூணு மீட்டர்ல வந்தது, இல்லன்னா செட்டிங்ல வந்தது. இத யாராவது தமிழ்ல எழுதி வச்சிருந்தா எங்களுக்கு முதல் ஒரு மாசம் வீணா போயிருக்காது, அதுக்காகத்தான் இவ்ளோ நீளமா எழுதறேன். பிராண்ட் பேரு போடல, ஏன்னா இதே சோனி சென்சார வச்சு பல கம்பெனி கேமரா விக்கறாங்க, எத வாங்கினாலும் விண்டோஸ்ல படப்போற பாடு ஏறக்குறைய ஒண்ணுதான்.

நாங்க பீன்யா செகண்ட் ஸ்டேஜ்ல சின்ன யூனிட், கம்ப்யூட்டர்ல ஓடற சிஎன்சி லேத் அஞ்சு, விஎம்சிங்கற மில்லிங் மிஷின் ரெண்டு. ஃபிளாஞ்ச், அதாவது ஓரத்துல வட்டத் தட்டு வச்ச புஷ் (குழாய் மாதிரி பீஸ்) ஒண்ணு ரெகுலரா ஓடும், ஃபிளாஞ்ச் 40 மில்லி விட்டம், அதுல நாலு ஹோல். போன வருஷம் மூணு ஹோல் மட்டும் போட்ட பீஸ் சிலது கலந்து போய் மொத்த லாட்டும் ஓசூர்ல இருக்கற கஸ்டமர் கிட்ட இருந்து திரும்பி வந்துருச்சு, அத ஒண்ணொண்ணா எடுத்து பாத்து பிரிக்க நாலு பேரு ரெண்டு நாள் உக்காந்தாங்க. அதுக்கப்புறம்தான் ஓனர், ஒவ்வொரு பீஸ்லயும் ஹோல் சரியா இருக்கான்னு பாக்க கேமரா வச்சே ஆகணும்னு முடிவு பண்ணாரு. நான் மெயின்டனன்ஸ் பாக்கறேன், ஊரு கிருஷ்ணகிரி பக்கம், எலக்ட்ரிக்கல் டிப்ளமா, கேமரா வேலை எனக்கு இதுதான் முதல் தடவ.

வாங்கினது 5 மெகாபிக்சல் மோனோ (கருப்பு வெள்ளை) கேமரா, உள்ள சோனி ஐஎம்எக்ஸ்264 சென்சார், 2448க்கு 2048 பிக்சல், குளோபல் ஷட்டர், யூஎஸ்பி 3, ஃபுல் சைஸ்லயே நொடிக்கு 35 படம் வரைக்கும் வரும். பாடி 29க்கு 29 மில்லி சதுரம், உள்ளங்கைக்குள்ள அடங்கிடும். லென்ஸ், பேக்லைட் (பீஸுக்கு கீழ வச்சு எரியற லைட்டு), பிராக்கெட் எல்லாம் சேத்து 70 ஆயிரம் கிட்ட ஆச்சு. 'ஆயிரத்தி ஐநூறு ரூவா வெப்கேம் போதாதாப்பா'ன்னு ஓனர் கேட்டாரு, நியாயமான கேள்விதான். ஓடற பஸ்ல ஜன்னல் வழியா போன்ல வீடியோ எடுத்தா கரண்ட் கம்பம் எல்லாம் சாஞ்சு தெரியும்ல, அது சென்சார் ஒவ்வொரு வரியா படிக்கறதால வர்றது, வெப்கேம்லயும் அதே கததான். கன்வேயர்ல பீஸ் நகந்துட்டே இருக்கறப்போ அப்படி எடுத்தா வட்டமான ஹோல் கோணிப்போய் விழும். குளோபல் ஷட்டர்ல எல்லா பிக்சலும் ஒரே நேரத்துல வெளிச்சம் வாங்குது, அதனால கோணாது. 25 மில்லி லென்ஸ் போட்டு பீஸ்ல இருந்து 20 சென்டிமீட்டர் ஒசரத்துல வச்சா 60 மில்லி அகலம் படத்துல அடங்குது, அதாவது ஒரு பிக்சல் கிட்டத்தட்ட 0.025 மில்லி. எங்க வேலைக்கு இது தாராளம்.

இப்ப விண்டோஸ் கதைக்கு வரேன். பார்சல் வந்த அன்னிக்கே ஆர்வத்துல கேமராவ சொருகி விண்டோஸ்ல இருக்கற கேமரா ஆப்ப ஓப்பன் பண்ணோம், 'கேமரா எதுவும் இல்ல'ன்னுடுச்சு. டெட் பீஸ் அனுப்பிட்டாங்கன்னு ஓனர் டீலருக்கு போனே போட்டுட்டாரு. விஷயம் என்னன்னா வெப்கேம் எல்லாம் யூவிசின்னு ஒரு முறையில பேசும், அதுக்கு வேண்டிய டிரைவர் விண்டோஸ்லயே இருக்கு. இண்டஸ்ட்ரியல் கேமரால பெரும்பாலும் யூஎஸ்பி3 விஷன்னு வேற முறை, 2013ல வந்த ஸ்டாண்டர்டு, அதுக்கு கம்பெனி குடுக்கற டிரைவரும், படம் பாக்கற வியூவர் சாஃப்ட்வேரும் போட்டாத்தான் தெரியும். கேமரா ஆப்லயோ ஜூம் மீட்டிங்லயோ தெரியலன்னா பயப்படாதீங்க, அது அங்க தெரியாது. அதே மாதிரி சில பேரு செட்டிங்ஸ்ல பிரைவசிக்குள்ள போயி கேமரா பர்மிஷன ஆன் பண்ணுங்கம்பாங்க, அது யூவிசி கேமராவுக்கு ரொம்ப முக்கியம், நம்ம கேமரா சொந்த டிரைவர்ல ஓடறதால அங்க தேடி பிரயோஜனம் இல்ல.

டிரைவர்லயும் ஒரு வரிசை இருக்கு. முதல்ல சாஃப்ட்வேர இன்ஸ்டால் பண்ணணும், அட்மின் அக்கவுண்ட்ல, அப்புறம் கேமராவ சொருகணும். நாங்க தலகீழா பண்ணோம், டிவைஸ் மேனேஜர்ல 'அதர் டிவைசஸ்'க்கு கீழ மஞ்ச ஆச்சரியக்குறியோட நின்னுச்சு, உள்ள போயி பாத்தா கோட் 28, டிரைவர் இல்லன்னு அர்த்தம். அதுக்கு மேல ரைட் கிளிக் பண்ணி அன்இன்ஸ்டால் குடுத்து, கேமராவ கழட்டி, சாஃப்ட்வேர் போட்டு, ரீஸ்டார்ட் பண்ணி சொருகினதும் வந்துருச்சு. ரீஸ்டார்ட்டுன்னுதான் சொல்றேன், ஷட்டவுன் பண்ணி ஆன் பண்றது இல்ல. விண்டோஸ்ல ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்னு ஒண்ணு ஆன்ல இருந்தா ஷட்டவுன் குடுத்தாலும் கெர்னலும் (விண்டோஸோட அடிப்படை பகுதி) டிரைவரும் இருந்த நிலைமைய டிஸ்க்ல எழுதி வச்சுட்டு மறுபடி அதையேதான் எடுத்து வைக்கும், பழைய கோளாறு அப்படியே திரும்பி வரும். 'நாலு தடவ ஆஃப் பண்ணி ஆன் பண்ணிட்டேன், போகல'ன்னு சொல்ற ஆளுங்க ஒரு தடவ ரீஸ்டார்ட் குடுத்து பாருங்க. நான் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பையே ஆஃப் பண்ணிட்டேன்.

படம் வந்துச்சு, ஆனா நொடிக்கு 8 தான் வந்துச்சு. 35 எங்க போச்சுன்னு பாத்தா கேமரா யூஎஸ்பி 2 வேகத்துல உக்காந்திருக்கு. கணக்கு ரொம்ப லேசு, ஒரு படம் 5 எம்பி, 35 படம்னா நொடிக்கு 175 எம்பி, யூஎஸ்பி 2ல நிஜத்துல 40 எம்பி போனாலே பெருசு, 40ஐ அஞ்சால வகுத்தா 8. போர்ட் நீல கலர், கேபிளும் யூஎஸ்பி 3, அப்புறம் ஏன்னு ரெண்டு மணி நேரம் மண்டைய ஒடச்சுக்கிட்டேன். காரணம் நான் சொருகின விதம். யூஎஸ்பி 3 பிளக்குல ஒம்போது பின், அதுல பழைய நாலு பின்தான் முதல்ல தொடும், அப்புறம்தான் உள்ள இருக்கற அஞ்சு. மெதுவா சொருகினா நாலு பின் தொட்டதுமே கம்ப்யூட்டர் 'சரி இது யூஎஸ்பி 2 சாமான்'னு முடிவு பண்ணிடுது. கழட்டி ஒரே அழுத்தா 'டக்'குன்னு சொருகினேன், 35 வந்துருச்சு. யூஎஸ்பி ட்ரீ வியூன்னு ஒரு ஃப்ரீ டூல் இருக்கு, எந்த போர்ட்ல என்ன சாமான் எந்த வேகத்துல உக்காந்திருக்குன்னு மரம் மாதிரி விரிச்சு காட்டும், மாட்டினதும் முதல்ல அதத்தான் ஓப்பன் பண்ணுவேன். இன்னொண்ணு, சிபியூ முன்னாடி இருக்கற போர்ட்ல சொருகாதீங்க, அது கேபினெட்டுக்குள்ள இன்னொரு ஒயர் வழியா மதர்போர்டுக்கு போகுது, பின்னாடி இருக்கறது நேரா மதர்போர்டுலயே இருக்கு.

அடுத்தது கேபிள், இந்த ரிவ்யூல நான் அழுத்தி சொல்ல வந்ததே இதத்தான். கம்ப்யூட்டர் கேபின்ல, கேமரா லைன்ல, கூட வந்தது 3 மீட்டர், எங்களுக்கு வேணும் 5 மீட்டர். எலக்ட்ரானிக்ஸ் கடைங்க இருக்கற எஸ்பி ரோட்டுக்கு போயி ஒரு கடைல 2 மீட்டர் எக்ஸ்டென்ஷன் வாங்கிட்டு வந்து சேத்தேன். படம் வந்துச்சு, கீழ் பாதி கருப்பா. சில படம் முழுசா வரும், சிலது முக்கால் வரும், நடு நடுவுல 'டொடொங்'னு விண்டோஸ் கழட்டி மாட்டற சத்தம் குடுத்துட்டு கேமராவே காணாம போகும். வியூவர்ல கீழ லாஸ்ட் ஃப்ரேம்னு (வர்ற வழியில தொலைஞ்ச படம்) ஒரு எண் இருக்கும், அது ஏறிட்டே இருந்துச்சு. டீலருக்கு போன் போட்டா அந்த சர்வீஸ் பையன் நான் முழுசா சொல்லி முடிக்கறதுக்குள்ளயே 'கேபிள் சேஞ்ச் மாடி நோடி சார்'னு கன்னடத்துல சொல்லிட்டாரு, கேபிள மாத்தி பாருங்கன்னு. எனக்கு அப்ப கோவம், ஒழுங்கா கேக்காமலே சொல்றாரேன்னு. ஆனா அவரு சொன்னதுதான் சரி. யூஎஸ்பி 3 வேகத்துக்கு சாதா செப்பு கேபிள்ல 3 மீட்டர் தாண்டினா சிக்னல் தேஞ்சுரும், நடுவுல இன்னொரு ஜாயின்ட் போட்டா கேக்கவே வேணாம். அதுக்கு மேல தூரம் வேணும்னா உள்ள சிப்பு வச்ச ஆக்டிவ் கேபிளோ ஆப்டிகல் கேபிளோ வாங்கணும். நாங்க கம்ப்யூட்டரையே லைன் பக்கத்துல கொண்டு வந்து டப்பாக்குள்ள வச்சுட்டோம், கேமரா பக்கம் ரெண்டு குட்டி ஸ்க்ரூ வச்சு டைட் பண்ற கேபிளா வாங்கிட்டோம். அந்த ஸ்க்ரூ இல்லாத கேபிள லேத் பக்கத்துல போட்டா அதிர்வுலயே கழண்டுக்கும், இது நிச்சயம்.

இதோட முடிஞ்சதுன்னு நெனச்சோம். மூணு நாள் அருமையா ஓடுச்சு, அப்புறம் தினமும் மத்தியானம் சாப்பாட்டுக்கு அப்புறம் கேமரா இல்ல. காலைல இருக்கும், ஒண்ணரை மணிக்கு திரும்பி வந்தா 'டிவைஸ் நாட் ஃபவுண்ட்'. கழட்டி மாட்டினா வந்துரும். சாப்பாட்டு நேரத்துல லைன் நிக்கும், எங்க புரோகிராம் பத்து நிமிஷம் பீஸ் வரலன்னா படம் எடுக்கறத நிறுத்திடும், சும்மா இருக்குன்னு விண்டோஸ் அந்த போர்ட்ட தூங்க வச்சிடுது, எழுப்பறப்போ கேமரா எந்திரிக்கல. கன்ட்ரோல் பேனல்ல பவர் ஆப்ஷன்ஸ், அதுல அட்வான்ஸ்டு, அதுல யூஎஸ்பி செட்டிங்ஸ்க்குள்ள செலக்டிவ் சஸ்பெண்ட்னு இருக்கும், அத டிஸேபிள் பண்ணணும். அது மட்டும் பண்ணிட்டு விட்டுடாதீங்க, டிவைஸ் மேனேஜர்ல ஒவ்வொரு யூஎஸ்பி ரூட் ஹப்புக்குள்ளயும் போயி பவர் மேனேஜ்மென்ட் டேப்ல 'பவர் மிச்சம் பண்ண இந்த டிவைஸ ஆஃப் பண்ணிக்கலாம்'ங்கற டிக்க எடுக்கணும். பவர் பிளான ஹை பெர்ஃபார்மன்ஸ்ல வச்சு, ஸ்லீப்ப 'நெவர்' போட்டேன். பெரிய விண்டோஸ் அப்டேட் வந்தா இதெல்லாம் மறுபடி ஒரு தடவ பாத்துக்கறது நல்லது, ஒரு அப்டேட்டுக்கு அப்புறம் எங்க கம்ப்யூட்டர்ல அந்த டிக் திரும்ப உக்காந்திருந்துச்சு.

இதுக்கு அப்புறமும் ஒண்ணு மிச்சம் இருந்துச்சு, அத கண்டுபிடிச்சது நான் இல்ல, லைன்ல உக்காந்து பீஸ் பாக்கற அக்கா. நாளைக்கு ரெண்டு மூணு தடவ படம் கட்டாகும், நேரம் காலமே கிடையாது. அக்கா ரிஜெக்ஷன் எழுதற நோட்டோட கடைசி பக்கத்துல கேமரா போன நேரத்த எல்லாம் தானாவே குறிச்சு வச்சிருக்காங்க, 10.20, 11.45, 3.05னு பென்சில்ல. ஒரு வாரம் கழிச்சு என்கிட்ட காட்டி, 'தம்பி, அந்த மூணாம் நம்பர் மிஷின் ஸ்பிண்டில் ஸ்டார்ட் ஆகறப்போதான் போகுது, நான் காது குடுத்து கேட்டுட்டே இருந்தேன்'ன்னாங்க. போயி பாத்தா நம்ம கேமரா கேபிளும் அந்த மிஷினோட டிரைவ்ல (மோட்டார் வேகத்த கட்டுப்படுத்தற பெட்டி) இருந்து மோட்டாருக்கு போற பவர் கேபிளும் ஒரே டிரேல ஒட்டிக்கிட்டு மூணடி தூரம் போகுது. டிரைவ்ல இருந்து வர்ற கரண்ட் ஆயிரக்கணக்கான தடவ வெட்டி வெட்டி வர்றது, பக்கத்துல இருக்கற சிக்னல் ஒயர்ல அந்த இரைச்சல் ஏறும், இத நான் படிச்சிருக்கேன், ஆனா கண்ணு முன்னாடி இருந்தத பாக்கல. கேபிள தனியா மேல தூக்கி கட்டினேன், பவர் கேபிள கடக்க வேண்டிய எடத்துல நேர் குறுக்கா கடக்க விட்டேன், பிராக்கெட்ட ஒழுங்கா எர்த் பண்ணேன். அன்னிலேருந்து இன்னி வரைக்கும் அந்த கட்டாகற பிரச்சன ஒரு தடவ கூட இல்ல. அந்த பக்கத்த போட்டோ எடுத்து வச்சிருக்கேன். எந்த சாஃப்ட்வேர் லாக்லயும் மூணாம் நம்பர் மிஷின்னு எழுதி இருக்காது.

இதோட இன்னொரு சின்ன விஷயம், அந்த கம்ப்யூட்டர்ல வயர்லெஸ் மவுஸ் தடுமாறிக்கிட்டே இருந்துச்சு. யூஎஸ்பி 3 ஓடறப்போ 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கம் இரைச்சல் விடும், இன்டெல் கம்பெனியே 2012ல இத விளக்கி எழுதியிருக்காங்க. ஒயர் மவுஸ் மாட்டிட்டோம், முடிஞ்சது.

செட்டிங்க சேவ் பண்றதுல ஒரு நாள் முழுக்க போச்சு. எக்ஸ்போஷர் (எவ்ளோ நேரம் வெளிச்சம் வாங்கணும்), ட்ரிகர் (எப்ப படம் எடுக்கணும்ங்கற சிக்னல்) எல்லாம் அழகா செட் பண்ணி ஓடிட்டு இருந்துச்சு, ஞாயித்துக்கிழம கரண்ட் போய் வந்து திங்கக்கிழம பாத்தா எல்லாம் பழையபடி. வியூவர்ல நாம மாத்தறது கேமராவோட டெம்பரரி மெமரில மட்டும்தான் இருக்கும், கேமராவுக்குள்ளயே நம்ம செட்டிங்க வச்சுக்கற யூசர் செட் 1ல சேவ் குடுத்து, ஸ்டார்ட் ஆகறப்போ எத எடுக்கணும்ங்கற எடத்துலயும் யூசர் செட் 1னு போடணும். ரெண்டாவத விட்டுட்டா சேவ் பண்ணியும் வேல இல்ல. இதுக்கு நேர் எதிரா ஒரு நைட் ஷிஃப்ட்ல போன் வந்துச்சு, கேமரா கனெக்ட் ஆகுது, எரர் இல்ல, ஆனா படமே வரலன்னு. ட்ரிகர் மோட் ஆன்ல இருக்கு, லைன் நின்னு போயிருக்கு, பீஸ் வந்துச்சுன்னு சொல்ற லைன் சென்சார்ல இருந்து சிக்னல் வராம கேமரா சும்மா காத்துக்கிட்டு இருக்கு, அவ்ளோதான். டெஸ்ட் பண்றப்போ ட்ரிகர ஆஃப்ல போடுங்க. வியூவர் ஓப்பன்ல இருக்கறப்போ நம்ம புரோகிராம ஓட்டினா 'வேற ஆப் யூஸ் பண்ணுது'ன்னு எரர் வரும், ஒரு நேரத்துல ஒருத்தர்தான் கேமராவ கன்ட்ரோல்ல வச்சுக்க முடியும்.

வேகத்த பத்தி எனக்கு இப்ப ஒரு தெளிவு வந்திருக்கு. எங்களுக்கு ரெண்டு நொடிக்கு ஒரு பீஸ்தான், 35 படம் எதுக்கு? த்ரூபுட் லிமிட்னு ஒரு செட்டிங் இருக்கு, அத நொடிக்கு 100 எம்பிக்கு இறக்கிட்டேன், லாஸ்ட் ஃப்ரேம் ஜீரோல நிக்குது. பிக்சல் ஃபார்மட்ட மோனோ 8ல வைங்க, மோனோ 12 போட்டா ஒரு பிக்சலுக்கு ரெண்டு பைட் ஆகி டேட்டா ரெட்டிப்பாகும், ஹோல் இருக்கா இல்லையான்னு பாக்க அது தேவையே இல்ல.

வெளிச்சம் தனி பாடம், சுருக்கமா சொல்றேன். பீஸ் நொடிக்கு அரை மீட்டர் வேகத்துல போகுது, எக்ஸ்போஷர் 100 மைக்ரோசெகண்ட் வச்சா படம் இழுக்கறது 0.05 மில்லி, ரெண்டு பிக்சல், பரவால்ல. ஆனா நம்ம கரண்ட் 50 ஹெர்ட்ஸ், மேல தொங்கற லைட்டு நொடிக்கு 100 தடவ ஏறி இறங்குது, அவ்ளோ சின்ன எக்ஸ்போஷர்ல ஒரு படம் வெளுப்பா, அடுத்தது இருட்டா வந்துச்சு. கேமராவ சுத்தி கருப்பு ஷீட்ல கூண்டு கட்டி, கீழ டிசி சப்ளைல எரியற பேக்லைட் போட்டதும் ஒரே மாதிரி வருது. லென்ஸ் வாங்கறப்போ கேமரால லென்ஸ் மாட்டற எடம் சி மவுன்ட்டா சிஎஸ் மவுன்ட்டான்னு கேட்டுக்கோங்க, சிஎஸ் கேமரால சி லென்ஸ் மாட்டணும்னா நடுவுல 5 மில்லி ரிங் வேணும், இல்லன்னா ஃபோகஸே ஆகாது. பாடி தொட்டா சூடாத்தான் இருக்கும், அலுமினிய பிராக்கெட்ல டைட்டா போல்ட் பண்ணா சூடு அதுல இறங்கிடும், பிளாஸ்டிக்ல மாட்டாதீங்க.

குறைன்னு சொன்னா ரெண்டு இருக்கு. சாஃப்ட்வேர் மேனுவல்ல எந்த செட்டிங் என்னன்னு இருக்கு, எதுக்குன்னு இல்ல, யூசர் செட் விஷயம் எல்லாம் ஒரு வரி எழுதியிருந்தா போதும். இன்னொண்ணு, கேபிள கேமராவோட சேத்து விக்கறவங்க எத்தன மீட்டர் வரைக்கும் தாங்கும், எக்ஸ்டென்ஷன் போடக்கூடாதுன்னு பில்லுலயே எழுதி குடுக்கணும். டீலர் சர்வீஸ நான் பாராட்டியே ஆகணும், போன எடுப்பாங்க, ரெண்டு தடவ பீன்யாவுக்கே வந்தாங்க, காசு கேக்கல.

ஏழு மாசத்துல ஹோல் இல்லாத பீஸ் ஒண்ணு கூட ஓசூருக்கு போகல. ரெண்டாவது கேமராவுக்கு ஓனர் போன வாரம் ஓகே சொல்லிட்டாரு. ரெண்டும் ஃபுல் வேகத்துல ஓடினா 350 எம்பி, ஒரே யூஎஸ்பி கன்ட்ரோலர் மேல போட்டா திணறும், அதனால போர்ட்டுக்கு போர்ட் தனி கன்ட்ரோலர் இருக்கற, மதர்போர்டுல சொருகற பிசிஐ எக்ஸ்பிரஸ் கார்டு ஒண்ணும் ஆர்டர்ல சேத்திருக்கோம். ஆர்டர்ல முதல் வரி, ஸ்க்ரூ வச்ச 3 மீட்டர் கேபிள், ரெண்டு. ஒண்ணு மாட்ட, ஒண்ணு ஸ்பேர். கேமரா ரெண்டாவது வரி.